பரணிலிருந்து இறங்கும் ஆம்ப்ளிஃபயர்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டம், குளச்சல், நாகர்கோவில் பக்கம் நிறைய வீடுகளின் பரணில் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் கிடக்கும். 1970-களிலும் 80-களிலும் கல்ஃபுக்குப் போனவர்கள் கொண்டுவந்தது. முகப்பில் சான்சுயி, பயனியர், டெக்னிக்ஸ், அகாய் என்று பெயர் இருக்கும். தூக்கினால் கை வலிக்கும், உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மரின் கனம் அப்படி. அதை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் சரிசெய்துவிட முடியும். ஆனால், இறக்கிய கையோடு பிளக்கில் சொருகவும் வேண்டாம். நிறைய செட்டுகள் அந்த முதல் ஸ்விட்சில்தான் எரிந்துபோகின்றன.

முதலில் பின்பக்கம் திருப்பி எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பல நாடுகளுக்கும் பொதுவாகச் செய்த செட்டில் 100, 120, 220, 240 என்று மாற்றிவைக்க ஒரு செலக்டர் இருக்கும். நம்முடைய லைன் 230 வோல்ட், ராத்திரியில் 240-ஐத் தொடுவதும் உண்டு. அதனால் 240-ல் வைப்பதே நல்லது. ஜப்பானில் விற்பதற்கென்றே செய்த செட் என்றால் 100 வோல்ட் மட்டும்தான். அதற்குத் தனியாக ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். செட் இழுப்பது 200 வாட் என்றால் 500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள்.

அடுத்தது சீரிஸ் லாம்ப். லைனுக்கும் செட்டுக்கும் நடுவில் ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ஸ்பீக்கர் எதையும் மாட்டாமல், வால்யூமை அடியில் வைத்து ஸ்விட்சைப் போடுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிடுங்கள். ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று பெரிய ஃபியூஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள், அடுத்து போவது டிரான்ஸ்பார்மராக இருக்கும்.

ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதித்து இணைக்கும் மின் ஸ்விட்சுக்கு ரிலே என்று பெயர். சில நொடிகளில் அது 'டிக்' என்று விழ வேண்டும். விழுந்த பிறகு ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை மில்லிவோல்ட் டி.சி.-யில் (நேர்மின்சாரத்தில்) வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. 100-ஐத் தாண்டினால் மெக்கானிக் பார்க்க வேண்டும். ரிலே விழவில்லை என்றால் அவுட்புட்டில் டி.சி. ஏறியிருக்கலாம். அப்போது வெளி முனையில் அளந்தால் சுழிதான் காட்டும், ரிலேக்கு முன்னால் உள்ளே அளக்க வேண்டும். ரிலேயை ஒயர் வைத்து நேராக இணைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதைச் சம்மதிக்கவே வேண்டாம், ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் கருகிவிடும்.

நம் ஊர் நிலைமைக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஜூன் தொடக்கத்து இடவப்பாதியில் ஒரு மழை, ஐப்பசியான துலாத்தில் ஒரு மழை, போதாததற்குக் கடற்கரையின் உப்புக் காற்று. பழைய ஆம்ப்ளிஃபயருக்கு வயதைவிட இந்த ஈரம்தான் எதிரி. மூடியைக் கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கினாலும் பெரிய கண்டன்சர்களில் 40, 50 வோல்ட் தேங்கி நிற்கும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஒவ்வொரு கண்டன்சரின் முனைகளிலும் ஐந்தாறு நொடி பிடித்து இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே முதலில் தேட வேண்டியது பசை. கண்டன்சர்கள் ஆடாமலிருக்க ஜப்பான் கம்பெனிகள் பலவும் அவற்றின் அடியில் ஒரு பசை போட்டன. புதிதில் வெளிறிய நிறமாக இருந்தது, சூடும் ஈரமும் பட்டு, டிகாக்‌ஷன் கொட்டிக் காய்ந்ததுபோலக் கறுத்திருக்கும். கறுத்த பசை ஈரத்தை இழுக்கும், மின்சாரத்தைக் கசியவிடும், பக்கத்தில் இருக்கும் ரெசிஸ்டர், டயோடு கால்களை அரித்துத் தின்றுவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு ஊறவைத்து, மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள். கால் அரித்த பாகங்களைக் கண்டிப்பாக மாற்றுங்கள்.

அடுத்து சின்ன டிரான்சிஸ்டர்களின் கால். வெள்ளிப் பூச்சுக் கால்கள் கறுத்துப்போய், ஸ்பீக்கரில் எண்ணெய் பொரிவது மாதிரி சத்தம் வரும். 2SC458 இதற்குப் பேர்போனது. மாற்றும்போது புதியதன் கால் வரிசையை டேட்டா ஷீட்டில் பார்த்துத்தான் பற்றவைக்க வேண்டும். பெரிய அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் கடைத்தெருவில் போலி அதிகம். விலை குறைவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஒரு பக்கம் பாட்டு வரவில்லை, வால்யூமை ஏற்றினால் திடீரென்று வருகிறது என்றால் பெரும்பாலும் ரிலே முனையில் களிம்பு. ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை முனைகளுக்கு நடுவே விட்டு இழுங்கள். உப்புத்தாள் போட்டால் மேற்பூச்சு போய்விடும். புது ரிலே போடுவதானால் காயிலின் வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். வால்யூம் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, முப்பது தடவை முழுக்கச் சுற்றினால் போதும். அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் பாட்டில்லாதபோதும் ஓடும் கரண்ட்டை அமைக்கும் பயாஸ் திருகியை மட்டும் சும்மா தொடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தொடுமுனை ஒரு கணம் விட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

மழைக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அரை மணி நேரம் ஓடவிடுங்கள், உள்ளே ஏறும் சூட்டில் ஈரம் போகும். பிளாஸ்டிக் உறை போட்டு மூட வேண்டாம். பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆவது சாதாரணம், காற்றுத் துளைகளில் மெல்லிய நைலான் வலை கட்டலாம். துலா மாதத்து இடிக்கு ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும், ரேடியோவும் சேர்ந்த செட் என்றால் ஏரியல் ஒயரையும் பிடுங்கி வைக்க வேண்டும்.

இனி கேட்பது. செல்போனைப் பின்பக்கம் 'ஆக்ஸ்' (AUX) என்று எழுதிய துளையில் மாட்டுங்கள், போனோவில் மாட்டினால் ஒலி பிய்ந்துபோகும். போனோ என்பது இரண்டு மூன்று மில்லிவோல்ட் தரும் ரிக்கார்டு ஊசிக்கானது. சத்தமே வரவில்லையென்றால், டேப் ரிக்கார்டரின் ஒலியை மட்டும் கேட்பதற்கான டேப் மானிட்டர் பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு ஜோடியை ஏ, பி என்ற ஸ்பீக்கர் இணைப்புகள் இரண்டிலும் சேர்த்துப் போடாதீர்கள். பக்கத்துக்கு 2 ஓம் ஆகி, அவுட்புட் திணறும். 25 வாட் செட் சின்னது என்று நினைக்கவும் வேண்டாம், வீட்டு அறைக்கு அது தாராளம். புது செட்டுகளின் பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் பி.எம்.பி.ஓ. என்ற கணநேர உச்சக் கணக்கு வேறு, இந்தச் செட்டுகள் தொடர்ந்து தரும் வாட் வேறு. ராத்திரி மெல்லக் கேட்கும்போது லவுட்னஸ் பொத்தானைப் போடுங்கள். குறைந்த சத்தத்தில் நம் காதுக்குப் பாஸ் சரியாக எட்டாது, அந்தக் குறையை அது நிரப்பும். வால்யூமை ஏற்றும்போது அதை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மிருதங்கம் பாடுகிறவர் குரலின் மேல் ஏறிவிடும்.

வணக்கம்.