கம்பி மேலேதான் அறுந்தது!

வணக்கம் உறவுகளே. போன வீடியோவில் பக்கத்து வீட்டுக் கிணறு ஆழமாக்கியதைக் காட்டினேன். சுண்ணாம்புக்கல்லில் அலவாங்கு இறங்கினதே, அதுதான். அதற்குக் கீழே எத்தனை பேர் வந்து "அடித்து உடைப்பதற்குப் பாரம்தான் முக்கியம், வேகம் சும்மா" என்று எழுதியிருந்தீர்கள்! வாசித்துவிட்டு இரண்டு இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சரி, இதோ பாருங்கள். எங்கள் தண்ணீர்த் தாங்கியின் இரும்புச் சட்டத்தில் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். கம்பியின் கீழ்முனையில் ஒரு தடுப்பு. நடுவில் ஓட்டை உள்ள பாரத்தைக் கம்பியில் கோர்த்து மேலிருந்து விட்டால், வழுக்கி வந்து தடுப்பில் மோதும். ஆங்கிலேயப் பொறியியலாளர் ஜோன் ஹொப்கின்சன் 1872இல் எழுதிய சோதனை இது.

ஓட்டை உள்ள பாரத்துக்கு எங்கே போவது? உடற்பயிற்சித் தட்டுதான். ஒன்றேகால் கிலோ 1,150 ரூபாய் என்று தொலைபேசியில் சொன்னார்கள். கடைக்குப் போனால் 1,400! 250 ரூபாய் எங்கிருந்து முளைத்தது? அரை மணித்தியாலம் நின்று கேட்டேன், குறைக்கவே இல்லை. இரண்டரைக் கிலோத் தட்டை வாங்கவில்லை, மாமாவின் மகனிடம் இரவல் வாங்கினேன்.

இதே கம்பி அரை வாளித் தண்ணீரை ஆடாமல் தாங்கியது. ஆனால் ஒன்றேகால் கிலோத் தட்டு விழுந்து மோதியதும் அறுந்தது. அதுவும் எங்கே? அடி விழுந்த இடத்தில் இல்லை, மேலே, சட்டத்துக்குப் பக்கத்தில்!

ஐயோ, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முதல் நாள் கம்பியை முடிச்சுப் போட்டுத்தான் கட்டினேன். முடிச்சு எப்படியும் பலவீனம், அதனால் அந்தக் கணக்கு செல்லாது. பிறகு இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து போல்ட் போட்டு இறுக்கினேன். ஐந்து முறை விட்டதில் நான்கு முறை மேலேதான் அறுந்தது.

காரணம் இதுதான். அடி ஓர் அலையாக இரும்புக்குள் விநாடிக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அசையாத மேல்முனையில் மோதித் திரும்பும்போது வந்த அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து, அந்த இடத்தில் இழுவிசை இரட்டிப்பாகிறது. அந்த அலையின் பலத்தைத் தீர்மானிப்பது மோதும் வேகம். வேகம் விழும் உயரத்தால் வருகிறது. அதனால்தான் இரண்டரைக் கிலோத் தட்டுக்கும் கிட்டத்தட்ட அதே உயரம் தேவைப்பட்டது. பாரத்தை இரட்டிப்பாக்கியும் உயரம் பாதியாகவில்லை! ஹொப்கின்சன் கண்டதும் அதுவே.

அவருடைய மகன் பேர்ட்ரம் 1914இல் நீண்ட உருக்குக் கோல் ஒன்றால் வெடியின் அழுத்தத்தையே அளந்தார். கோல்ஸ்கி என்ற இயற்பியலாளர் 1949இல் அந்தக் கோலை இரண்டாக்கி நடுவில் உலோகத்துண்டை வைத்து நசுக்கினார். இன்றைய ஆய்வுகூடங்களிலும் அந்த முறைதான். அதில் எனக்கு மிகப் பிடித்தது மென்னுருக்கு, அதாவது கரிமம் குறைந்த சாதாரண உருக்கு: அவ்வளவு வேகமாக அடித்தால், மெதுவாக இழுக்கும்போது நிரந்தரமாக உருமாறும் விசையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை தாங்கிவிட்டுத்தான் உருமாறத் தொடங்கும். பல அலுமினியக் கலவைகளில் இந்த மாற்றம் மிகக் குறைவு.

செய்து பார்ப்பவர்கள் கண்ணாடி போடுங்கள், அறுந்த கம்பி சுள்ளென்று அடிக்கும். என் கையில் ஒரு கோடு இருக்கிறது, பாருங்கள். அடுத்த கிழமை செப்புக் கம்பி.