கனவு பிடிக்கப் பென்சில்தான் சரி

வணக்கம், வணக்கம். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் திரையை இன்னும் விலக்கவில்லை. தலைமுடியைப் பற்றி யாரும் கமென்ட் போட வேண்டாம். அலமாரி அடுக்கும் வீடியோவின் இரண்டாம் பாகம் வரும், கண்டிப்பாக வரும். இன்றைக்கு ஒரு பேனாவைப் பற்றிப் பேச வேண்டும். நாலு நாளாக மனதுக்குள் அதைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் கனவு நோட்டு உங்களுக்குத் தெரியும். நீல அட்டை, தலையணைக்குப் பக்கத்தில் கிடக்குமே, அதுதான். விழிப்பு வந்ததும் புரளக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது, கடைசியாகப் பார்த்த காட்சியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும், அப்புறம்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதன்படி அசையாமல் மல்லாந்து படுத்தபடியே நோட்டை முகத்துக்கு மேலே பிடித்து எழுதினேன். இரண்டு வரி ஓடியது. மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது.

உதறினேன். ஓரத்தில் சுழித்துப் பார்த்தேன், எழுதியது. திரும்ப மேலே தூக்கினேன், நின்றுவிட்டது. மறுபடி கீழே, மறுபடி மேலே. இதற்குள் கனவு போயே போய்விட்டது. அடுத்த நாள் புது ரீஃபில் போட்டேன். அதுவும் அப்படியே. மூன்றாம் நாள் அரைத் தூக்கத்தில் மை வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ஒரு பக்கம் முழுக்க எழுதித் தள்ளியிருக்கிறேன். காலையில் பார்த்தால் வெள்ளைத் தாள், அதில் வெறும் பள்ளம் பள்ளமாக.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது, கைதட்டலாம். மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு துண்டுப் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து அந்தப் பக்கத்தை மெதுவாகத் தேய்த்தேன். சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எழுத்து எழுந்து வந்தது. 'படிக்கட்டு', அடுத்து 'ஈரம்', அதற்கப்புறம் 'ழ' மாதிரி ஒரு சுருள். அவ்வளவுதான் தேறியது. ஒரு முழுக் கனவில் எனக்கு மிஞ்சியது ஈரப் படிக்கட்டு மட்டும்.

காரணம் என்ன தெரியுமா? பால்பாயின்ட் பேனாவின் மை தன் எடையால்தான் கீழே முனைக்கு இறங்குகிறது. முனையை வானத்தைப் பார்க்க வைத்தால் மை பின்னால் தங்கிவிடும், முனையில் இருக்கும் சின்னக் குண்டு வெறுமனே சுற்றும். இத்தனை வருடம் பேனா பிடித்த எனக்கு இது தெரியவில்லை. பாவம், பேனா மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் அதன் மேல் இருக்கும் கோபம் தீரவில்லை. பென்சிலுக்கு மேலே கீழே என்று ஒன்றும் கிடையாது, எப்படிப் பிடித்தாலும் எழுதும். நேற்றிலிருந்து பென்சில்தான்.

கிறுக்கலால் கனவைத் தொலைத்தவர்களில் நான் முதல் ஆள் இல்லை என்பது ஒரு ஆறுதல். ஓட்டோ லோவி என்று ஒரு மருந்தியல் அறிஞர். நரம்புகள் ரசாயனத்தின் மூலம் செய்தி அனுப்புகின்றனவா என்பதைக் கண்டுபிடிக்கும் சோதனை அவருக்குக் கனவில் வந்தது. பாதி ராத்திரியில் விளக்கைப் போட்டு ஒரு துண்டுத் தாளில் குறித்துவைத்துத் தூங்கிவிட்டார். காலையில் எடுத்துப் பார்த்தால் அவர் எழுத்து அவருக்கே புரியவில்லை! நல்லவேளை, அடுத்த ராத்திரி அதே யோசனை திரும்ப வந்தது. இந்தத் தடவை மனிதர் எழுதிக்கொண்டிருக்கவில்லை, எழுந்து நேராகச் சோதனைக்கூடத்துக்கே போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் நரம்பைத் தூண்டினால் அதன் துடிப்பு குறைகிறது. அதிலிருந்த திரவத்தை எடுத்து மற்றதில் விட்டால் அதுவும் மெதுவாகிறது. 1921இல் அதை வெளியிட்டார், 1936இல் நோபல் பரிசு. எனக்குத்தான் ஈரப் படிக்கட்டு இன்னும் திரும்பி வரவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் மேரி கால்கின்ஸ். உளவியலாளர். அலாரம் வைத்து ராத்திரியில் வெவ்வேறு நேரங்களில் எழுந்து, மெழுகுவத்தி ஏற்றி, கனவை உடனுக்குடன் எழுதியவர். 55 இரவுகள், 205 கனவுகள். 1893இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பக்கத்தில் என்ன வைத்திருந்தார் தெரியுமா? தாள், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பென்சில். பென்சில்! இதை முன்பே படித்திருந்தும் அந்த ஒரு சொல் என் கண்ணில் படவில்லை. அவர் கண்டறிந்த முடிவும் எனக்குப் பிடித்த விஷயம்தான். அவர் கனவுகளில் வந்தவை பெரும்பாலும் விழித்திருக்கும்போது பழகிய ஆட்களும் இடங்களும் நடந்த காரியங்களும்தான். பறக்கும் குதிரை இல்லை, வீடு வாசல்தான்.

ஐயோ, முக்கியமானதைச் சொல்லாமல் விட்டேன். போன வீடியோவுக்குக் கீழே நிறைய பேர் 'எனக்குக் கனவே வருவதில்லை' என்று எழுதியிருந்தீர்கள். வருகிறது, தங்குவதில்லை, அவ்வளவுதான். தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு, ரெம் தூக்கம் என்பார்கள். 1953இல்தான் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரண்டு தூக்க ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். ராத்திரி முதல் சுற்றில் அது பத்து நிமிடம்போல இருக்கும், விடியவிடிய நீண்டுகொண்டே போகும். அதனால் அலாரம் அடித்து அலறி எழுகிறவர்கள் நல்ல கனவை நடுவில் வெட்டிவிட்டு, எழுந்த வேகத்தில் மறந்தும் விடுகிறார்கள். அலாரத்தை அறையின் அந்தக் கோடியில் வைக்கப்போகிறேன் என்று உங்கள் முன்னால் சபதம் போட்டேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குதித்து ஓடி அதை அணைத்துவிட்டு வந்தால் கனவில் ஒரு சொல்கூட மிச்சம் இருப்பதில்லை. கெட்ட யோசனை. என்னுடையதுதான்.

சரி, நேற்று பென்சிலில் மாட்டிய கனவு. ஒரு பெட்ஷீட்டை மடிக்கிறேன். இரண்டு முனை என் கையில், இரண்டு முனை எதிரே யாரோ ஒருவர் கையில். நான் இழுக்க இழுக்கத் துணி வந்துகொண்டே இருக்கிறது. எதிரே நிற்பவர் பின்னால் நடந்து நடந்து கதவைத் தாண்டி, கூடத்தைத் தாண்டிப் போய்விட்டார். முகம் தெரியவில்லை. துணியைப் பிடித்திருந்த கட்டைவிரல் மட்டும், அதில் நகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு வெட்டு, அவ்வளவு துல்லியம். துணி குளிர்ச்சியாக, பாதி காய்ந்த பதத்தில் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதறினோம். பட்டென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் விழித்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம் எழுதினேன், மல்லாந்தபடியே, ஒரு சொல் விடாமல்!

விழித்துப் பார்த்தால் என் மணிக்கட்டைச் சுற்றி நிஜ பெட்ஷீட். அந்த எலாஸ்டிக் விரிப்பு இருக்கிறதே, அதன் நாலாவது மூலை. மற்ற மூன்றும் ஒழுங்காக இருக்கும், ஜன்னல் பக்கத்து மூலை மட்டும் ராத்திரியில் நழுவி மேலே சுருண்டு வந்துவிடும். பட்டென்ற சத்தமும் அந்த எலாஸ்டிக்தான் என்று நினைக்கிறேன். ஆல்ஃபிரெட் மோரி என்ற பிரெஞ்சுக்காரர் தூங்கும்போது அவர் கழுத்தில் கட்டிலின் ஒரு பாகம் விழுந்தது. அவருக்குக் கனவில் பிரெஞ்சுப் புரட்சியும் விசாரணையும் கடைசியில் தலையை வெட்டும் கில்லட்டின் இயந்திரமும் வந்ததாம். எனக்குக் கழுத்துக்குப் பதில் மணிக்கட்டு, புரட்சிக்குப் பதில் துணி மடிப்பு. என் தகுதிக்கு அது போதும்.

இதற்கு என்ன பலன் என்று கேட்டு யாரும் எழுதிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பல் விழுந்தால் இது, தண்ணீர் வந்தால் அது என்று பட்டியல் போடுகிறார்களே, எனக்கு அறவே பிடிக்காது. பெட்ஷீட் வந்தால் பெட்ஷீட்தான்.

ஆனால் கனவில் வந்த அந்த உதறலுக்காகவே இன்று காலை விரிப்பைத் துவைத்துவிட்டேன். நாலாவது மூலை எலாஸ்டிக்கையும் ஓரிடத்தில் முடிச்சுப் போட்டு இறுக்கினேன். ஊசி நூல் வேண்டியிருக்கவில்லை, ஒரே முடிச்சு! தனியாக உதறினால் பாதிச் சத்தம்தான் வருகிறது, அது மட்டும் குறை. இப்போது கொடியில் தொங்குகிறது. வெயிலில் காய்ந்த துணியின் வாசனை வெறும் பிரமை என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒரே மாதிரித் துண்டுகளை வெயிலிலும் வெளியே நிழலிலும் வீட்டுக்குள்ளும் காயவைத்துச் சோதித்திருக்கிறார்கள். வெயிலில் காய்ந்த துண்டில் ஆல்டிஹைடு, கீட்டோன் வகைச் சேர்மங்கள் இருந்தன. வாசனைத் திரவியங்களிலும் இருக்கும் வகைதான். 2020இல் வந்த ஆய்வு. துணி உலர்த்தும் மெஷினை எனக்கு ஏன் பிடிக்காது என்பதற்கு இனிமேல் சாட்சி இருக்கிறது.

இன்று ராத்திரி அந்த விரிப்பில்தான். முதலில் கன்னத்தை வைக்கும் அந்த நிமிடம், மொடமொடப்பு இன்னும் போகாத அந்த நிமிடத்துக்காகக் காலையிலிருந்தே காத்திருக்கிறேன். பென்சிலை இரண்டு பக்கமும் சீவிவைத்துவிட்டேன், இருட்டில் எந்த முனை கைக்கு வந்தாலும்... ஒரு நிமிடம். வெளிச்சம் மங்குகிற மாதிரி இருக்கிறதா, இல்லை இந்தத் திரைதானா? இல்லை, மேகம். ஐயோ, விரிப்பு இன்னும் பாதிகூடக் காயவில்லை. நான் போகிறேன், கேமராவை அப்புறம் வந்து