ஒப்புக்குச் சப்பாணி

நடுவர் அய்யாவுக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஆச்சிமார்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையும் ஒட்டுறவும் தருவது கைபேசித் திரையா, கூடி ஆடும் விளையாட்டா என்பது தலைப்பு. விளையாட்டுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் மூன்று விஷயம் சொன்னார். செல்போனில் பிள்ளை உலகத்தையே படிக்கிறது என்றார், தெருவில் வண்டி பறக்கிறது, எங்கே விளையாட விடுவது என்றார், வெளியூரில் இருக்கிற பேரன் செட்டிநாட்டில் இருக்கிற ஐயாவின் முகத்தைப் பார்ப்பதே வீடியோ காலில்தான் என்றார். கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் என் மனதைத் தொட்டது. எங்கள் தெருவில் எத்தனையோ வீடுகள் வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கின்றன, கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால்தான் முகப்பில் விளக்கு எரியும். அந்த ஏக்கம் எனக்கும் தெரியும்.

என் அக்கா மகன் சென்னையில் இருக்கிறான், எட்டு வயது. ஒவ்வொரு ஞாயிறும் ஐயாவோடு வீடியோ கால் உண்டு. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "படிக்கிறியா?" "படிக்கிறேன்." அவ்வளவுதான், போன் அம்மா கைக்குப் போய்விடும். போன வருஷம் மே மாத லீவுக்கு வந்தவன் இரண்டு நாள் சார்ஜர் இருக்கிற சுவரை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் ஐயா முகப்புத் தரையில் சாக்பீஸால் ஆடுபுலிக் கட்டம் போட்டார். மூன்று புலிக்கு மூன்று கல், பதினைந்து ஆட்டுக்குப் புளியங்கொட்டை. பையனுக்கு ஆடு. வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றான், கொட்டையை எல்லாம் அள்ளி வளவு முற்றத்துக்குள் வீசினான். போனில் தோற்றால் ஒரு பட்டனை அழுத்தி முதலிலிருந்து ஆரம்பித்துவிடலாம், யாருக்கும் தெரியாது, இங்கே எதிரே ஐயா உட்கார்ந்திருக்கிறார் இல்லையா. அவர் திட்டவில்லை, பாடமும் நடத்தவில்லை. எழுந்துபோய் ஒவ்வொரு கொட்டையாகப் பொறுக்கி வந்து வைத்துவிட்டு, "உன் ஆட்டம்ப்பா" என்றார். பத்து நாள் கழித்து மூன்று புலியையும் நகரவிடாமல் கட்டிவிட்டு, இரண்டாங்கட்டைத் தாண்டி அடுப்படியில் இருந்த ஆயாவிடம் சொல்ல ஓடினான் பாருங்கள், தன்னம்பிக்கை என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அந்த ஓட்டம்தான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கால் வருகிறது, ஆனால் "ஐயா, உச்சியில புலி இருக்கும்போது ஆட்டை எங்க வைக்கணும்?" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகும். அதே போன், அதே இரண்டு பேர். அண்ணே, பேசுவதற்கு விஷயம் தந்தது அந்தத் தரைதான்.

இனி தெருவுக்கு வருகிறேன். பிள்ளைகள் ஆடும்போது நாம் கிட்டே போய்க் கவனிப்பதில்லை. சாட் பூட் த்ரீ போட்டு ஆள் பிரிக்கிறார்கள். ஒருவன் ஏமாற்றினால் "அழுகுணி ஆட்டம்" என்று கூட்டமே தீர்ப்புச் சொல்கிறது. சண்டை வந்தால் காய், சமாதானம் ஆனால் பழம். இதற்கெல்லாம் மேலே, ஓட முடியாத சின்னக் குழந்தை வந்து நின்றால் அதை விரட்டுவதில்லை, "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்கிறார்கள். அது அவுட் ஆகாது, ஆனால் ஆட்டத்தில் உண்டு. இந்தச் சட்டத்தை எந்தப் பெரியவர் எழுதினார்? பிள்ளைகளே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிற சட்டம் இது. செல்போன் விளையாட்டில் பலம் இல்லாதவன் வெளியே போக வேண்டியதுதான். 1939இல் சா. கணேசன் அவர்கள் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடி நம் பக்கத்து ஊர், எதிர்த்துப் பேசிவிட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தைப் பட்டிமன்றமாக மேடையேற்றிய மண் இது. அந்தப் பழக்கத்துக்கு முதல் பள்ளிக்கூடம் தெருதான் என்று நான் நம்புகிறேன்.

வண்டி பறக்கிறது என்பது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். பிள்ளையை நடுரோட்டில் விடச் சொல்லவில்லை. நம் வீட்டு வளவு எவ்வளவு பெரிது! ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாண்டிக் கட்டம் போட்டால் ஒரு ஈரத்துணியில் அழிந்துவிடும், பல்லாங்குழி பரணில் தூங்குகிறது, கோயில் பொட்டல் சாயங்காலம் காலியாகக் கிடக்கிறது. வேண்டியது ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர், கையில் போன் இல்லாமல்.

கையில் போன் இல்லாமல் என்று ஏன் சொல்கிறேன்? 1970களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயை, சில நிமிஷம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிப் பார்த்தது, எதற்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. போனைப் பார்க்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையிடமிருந்து திரையைப் பிடுங்குவதற்கு முன்னால் நாம் கீழே வைக்க வேண்டும், இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, உலகத்தைப் படிக்கிறது என்றாரே. படிக்கட்டும், அளவோடு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஆனால் ஓடியாடுவது குறைந்தது 3 மணி நேரம் வேண்டும். சீனாவில் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் அப்படி விடாத பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது, வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம். 2015இல் வந்த ஆய்வு. உலகத்தைப் பார்க்கக் கண் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா?

நடுவர் அய்யா, இன்னும் ஒரு நிமிஷம். அந்த மே மாதம் எங்கள் தெருவில் ஒப்புக்குச் சப்பாணியாக ஒரு ஐந்து வயதுப் பெண் இருந்தாள், யார் பேர் கேட்டாலும் அம்மா முந்தானைக்குள் போய்விடுவாள். போன வாரம் பார்க்கிறேன், சாட் பூட் த்ரீ போட்டு ஆள் பிரிப்பது அவள்தான். ஊரிலிருந்து வந்த மூன்று வயதுப் பையன் ஒருவன் படியில் தனியாக நின்றான். "நீ ஒப்புக்குச் சப்பாணி, வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

தீர்ப்பு உங்களுடையது. வணக்கம்.