சுவர் கூரை மட்டத்துக்கு வந்திருக்கிறது

(காரைக்குடி வட்டாரத்துச் சபை ஒன்றில், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, கட்டுமானக் குழுச் செயலாளர் ஆலய மனையில் ஆற்றிய உரை)

சபையின் பெரியவர்களே, தாய்மார்களே, வாலிபப் பிள்ளைகளே, எல்லாருக்கும் என் தோத்திரங்கள்.

பந்தலுக்குள்ளேயே பேசியிருக்கலாம். இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நீங்கள் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்; அதனால்தான் வெயிலில் நிற்க வைத்துவிட்டேன். போன அறுப்பின் பண்டிகையின்போது இங்கே கடைக்கால் மட்டும்தான் இருந்தது. இன்றைக்குச் சுவர் கூரை மட்டத்துக்கு வந்திருக்கிறது. கிழக்கே பலிபீடம் அமையும் பகுதிக்குச் சென்ட்ரிங் அடித்தாகிவிட்டது. கம்பி கட்டும் வேலை பாதி முடிந்திருக்கிறது. வரும் சனிக்கிழமை அந்தப் பகுதிக்குக் கான்கிரீட் போடுகிறோம்.

இடையில் மூன்று வாரம் வேலை நின்றதே, பணம் தீர்ந்துவிட்டதா என்று பலர் கேட்டீர்கள். பணம் இருந்தது, செங்கல்தான் சரியில்லை. நம் சபையில் ஆயுள் முழுவதும் கொத்தனாராகக் கரண்டி பிடித்த ஒரு பெரியவர் இருக்கிறார். இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. லோடு இறங்கிய அன்று பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு கல்லைக் கையில் எடுத்து ஒன்றோடு ஒன்றைத் தட்டினார். காதருகே வைத்து மறுபடியும் தட்டினார். நன்றாக வெந்த கல் கணீரென்று மணிபோல ஒலிக்கும். இது மண்கட்டி மாதிரிச் சத்தம் கொடுத்தது. நெஞ்சு உயரத்தில் பிடித்துக் கீழே விட்டார். மூன்று துண்டாகப் போயிற்று. வேறொரு கல்லை எடைபோட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடியும் எடைபோடச் சொன்னார். நல்ல செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. இது அதற்கும் மேலே குடித்திருந்தது. லோடு முழுவதையும் திருப்பி அனுப்பினோம். சூளைக்காரர் பணத்தைத் திருப்பித் தர இழுத்தடித்தார். அதில் போனவைதான் அந்த மூன்று வாரங்கள். கண் தெரியாத ஒரு மனிதரின் காது நம் ஆலயத்தைக் காப்பாற்றியது. அவர் அதோ, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

இனிப் பணத்தைப் பற்றி. இதில் ஒளிவுமறைவு வேண்டாம். நம் உறவுகளில் ஒருவர், வெளிநாட்டில் நல்ல நிலையில் இருப்பவர், மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று முன்வந்தார். முகப்பில் தம் தகப்பனார் பெயரைப் பொறிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. குழுவில் நான்கு மணி நேரம் பேசினோம். நான் வேண்டாம் என்ற பக்கம் நின்றேன். ஏன் என்று உங்களிடம் சொல்ல வேண்டும்.

நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று பாருங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் எங்கே போனாலும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் மாளிகைகள். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு. அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவற்றில் எத்தனை வீடுகள் இன்று பூட்டிக் கிடக்கின்றன! பெயர் பொறித்தவரின் பிள்ளைகள் எங்கெங்கோ வாழ்கிறார்கள். வீட்டில் விசேஷம் என்றால்தான் கதவு திறக்கிறது.

அந்த மாளிகைகளைக் கட்டிய நகரத்தார் கோயிலைக் காத்த விதம் வேறு. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று அவர்களுக்கு ஒன்பது நகரக் கோயில்கள். கல்யாணம் ஆனதும் அந்தக் குடும்பம் தன் கோயிலில் ஒரு புள்ளி ஆகிவிடும். புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. கோடீஸ்வரனும் ஒரு புள்ளி, கணக்கெழுதிப் பிழைப்பவனும் ஒரு புள்ளி. கொடுத்தவன் கோயிலை விட்டுப் போகமாட்டான். நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்திருக்கும் இந்த ஞானத்தை நாம் எடுத்துக்கொள்வதில் என்ன குறை?

நெகேமியாவின் புஸ்தகம் மூன்றாம் அதிகாரத்தை வேகமாகத் தாண்டிவிடுவோம். வெறும் பெயர்ப் பட்டியல் என்று நினைத்து. இந்த ஒரு வருடத்தில் நான் அதைத்தான் அதிகமாக வாசித்தேன். எருசலேம் அலங்கத்தில், அதாவது நகர மதிலில், யார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்று வரிசையாக இருக்கிறது. தட்டான் கட்டினான், தைலக்காரன் கட்டினான். சல்லூம் என்பவன் தன் குமாரத்திகளோடு கட்டினான். தெக்கோவா ஊரார் கட்டினார்கள். அவர்களுடைய பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. அந்த அலங்கம் 52 நாளில் முடிந்தது.

ஆகவே நாமும் புள்ளி வைத்தோம். தனியாக வாழும் தாய்மார்களுக்குப் பாதி போதும் என்று குழு சொன்னது. அவர்கள் ஒப்பவில்லை. முழுப் புள்ளியாக எழுதுங்கள் என்று வீடு தேடி வந்து சொன்னார்கள். பிடியரிசி சேர்த்து விற்று அதையும் கட்டிவிட்டார்கள். வெளிநாட்டு உறவினருக்கும் நிலைமையைச் சொன்னோம். அவர் வருத்தப்படவில்லை. தம் புள்ளியைக் கட்டினார். அதற்கு மேல் அனுப்பியது பெயரில்லாமல் காணிக்கைப் பெட்டிக்கு வந்தது.

கோபுரம் வைத்து உயரமாகக் கட்ட வேண்டும் என்பது வாலிபர்களின் ஆசை. வரைபடம் போடும் முன் அவர்களையும் கூட்டிக்கொண்டு இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்துக்குப் போனோம். பிரான்சில் ரைம்ஸ் நகரத்துப் பேராலயத்தின் சாயலில் 1894இல் எழுந்தது. அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டோம். ஆனால் நமக்கு வேண்டியது பங்குனி வெயிலில் பாட்டிமார் மூச்சுத் திணறாமல் உட்கார ஓர் இடம். அதனால் எதிரெதிர் ஜன்னல்கள், நல்ல உயரம், கூரையில் விழும் மழையெல்லாம் கிணற்றுக்கு.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். இதில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். பட்டறையில் போய்ப் பாருங்கள். கண்ணாடிப் பலகை மேல் இரும்புச் சட்டம். அதற்குள் வண்ணச் சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையை நிரப்பி, கரணையால் இழைத்துவிடுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் காய்கிறது. சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. கண்ணாடியைத் தொட்ட பக்கம்தான் நாம் மிதிக்கும் பக்கம். நடக்க நடக்க மெருகு ஏறும். ஆள் புழங்காத வீட்டில் அந்தக் கல் மங்கிப்போகும். நம் தரை பளபளக்க வேண்டுமானால் நாம் வாராவாரம் வந்தாக வேண்டும்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஜெபம். ஐந்தரைக்குக் கலவை இயந்திரம் ஓடும். வாலிபர்கள் சட்டி கைமாற்ற வர வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் காலைப் பலகாரத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பெரிய வேலை அதற்கு அடுத்த நாள்தான் தொடங்குகிறது. கான்கிரீட் ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் பிடிக்கும். முழுப் பலத்துக்கு 28 நாள் என்பது கணக்கு. அதற்குள் காய விட்டால் வெடித்துவிடும். மேலே பாத்தி கட்டி, முதல் பதினான்கு நாளும் தண்ணீர் வற்றாமல் பார்க்க வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கப்போவதில்லை. ஒரு நாளைக்கு நான்கு புள்ளிகள் என்று முறை எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டு போங்கள். முதல் நாள் முறையில் என் வீடும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரும்போதே குடத்தோடு வருகிறோம்.