சிவப்பும் நீலமும்: ஒரு பதினோரு நொடிப் புதிர்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

நள்ளிரவில் சிற்றலை வானொலியின் குமிழைத் திருப்பிக்கொண்டே போகும்போது, எந்த நிலையம் என்ற அறிவிப்பே இல்லாமல் ஒரு குரல் எண்களை மட்டும் வாசித்துக்கொண்டிருப்பதைக் கேட்டவர்கள் உங்களில் சிலர் இருக்கக்கூடும். பனிப்போர்க் காலத்தில் உளவாளிகளுக்குச் சங்கேதச் செய்தி அனுப்பிய அந்த ஒலிபரப்புகள்தாம், 2013ஆம் ஆண்டு யூடியூபில் தொடங்கப்பட்ட 'வெப்டிரைவர் டார்சோ' என்ற சேனலைக் கண்ட பலருக்கும் நினைவுக்கு வந்தன.

அதில் ஏறிய காணொளிகள் ஏறத்தாழ எல்லாமே 11 நொடிகள் ஓடுபவை. வெள்ளைத் திரையில் ஒரு சிவப்புச் செவ்வகமும் ஒரு நீலச் செவ்வகமும் நொடிக்கொரு முறை இடமும் அளவும் மாறிக்கொண்டிருக்க, ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுருதி வேறுபட்ட ஒரு 'பீப்' ஒலி எழும். முகமில்லை, பேச்சில்லை, விளக்கமில்லை. 2014ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் இப்படி 70,000க்கும் மேற்பட்டவை குவிந்துவிட்டன. உளவுத்துறையின் வேலை என்றார்கள். வேற்றுக்கிரகவாசிகள் வரை போனவர்களும் உண்டு.

இத்தாலிய வலைப்பதிவர் ஒருவர் தடம் பிடித்துச் சென்றபோது, அது கூகுளின் சூரிச் அலுவலகத்தில் போய் நின்றது. பிறகு கூகுளும் ஒப்புக்கொண்டது: ஏற்றப்படும் காணொளியின் வேகமும் தரமும் குறையாமல் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை அது. அந்தப் பதிலையும், வேறெதற்கோ என்று சொல்லி இணைப்பை அழுத்தவைத்து இணையத்தில் ஒருவரையொருவர் ஏமாற்றப் பயன்படும் 'நெவர் கானா கிவ் யூ அப்' என்ற பழைய பாட்டின் சாயலில், கேலியாகவே சொன்னார்கள். உள்ளே போட்டது இன்னது என்று துல்லியமாகத் தெரிந்தால்தானே, வெளியே வந்ததில் எது சிதைந்தது என்று அளக்க முடியும்? அதற்குச் செவ்வகத்தைவிட எளிய உருவம் எது?

விடை முதல் நாளிலிருந்தே கண்ணெதிரில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 'வெப்டிரைவர்' என்பது உலாவியை ஆளின்றி இயக்கும் மென்பொருளின் பெயர். காணொளித் தலைப்புகளின் முன்னால் நின்ற 'டிஎம்பி' என்ற மூன்றெழுத்து, தற்காலிகக் கோப்புகளுக்குக் கணினி தானாகவே சூட்டுவது. மனிதர் பார்ப்பதற்கென்று செய்யப்படாத ஒன்றை, தமக்கு அனுப்பப்பட்ட கடிதமாக எண்ணி மனிதர்கள் பிரித்துப் படித்தார்கள்.

ஆனால் அந்தக் குவியலில் செவ்வகங்கள் இல்லாத காணொளிகளும் மிகச் சில உண்டு. அவற்றில் ஒன்று, இரவில் மினுமினுக்கும் ஈபிள் கோபுரத்தைக் காட்டும் சில நொடிக் காட்சி. செவ்வகங்களையெல்லாம் இயந்திரம் செய்தது; இதற்கோ யாரோ ஒருவர், பாரிஸ் நகரத்து இரவில், கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.