செல்லிடம் என்ன கேட்கிறோம்?

அவையோருக்கு வணக்கம்.

நுண்ணோக்கி என்றதும் "எத்தனை மடங்கு பெருக்கும்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். மங்கலான படத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கிடைப்பது பெரிய மங்கல்தான். அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக் காட்டும் திறன் வேண்டும். அதைப் பிரிதிறன் என்கிறோம். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் இதற்கு ஒரு எல்லை உண்டு என்று எர்ன்ஸ்ட் அபே 1873-இல் காட்டினார். அந்த எல்லை ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதி, அதாவது சுமார் 200 நானோமீட்டர். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா இந்த எல்லையைவிடப் பெரியது, அதனால் தெரியும். செல்லில் புரதம் கட்டும் ரைபோசோம் சுமார் 25 நானோமீட்டரே, அது தனித்துத் தெரியாது.

ஆனால் பிரிதிறனும் முழுக்கதை அல்ல. செல்லிடமிருந்து எதையாவது பறித்துக்கொண்டுதான் எந்த நுண்ணோக்கியும் எதையாவது காட்டுகிறது. எதைப் பறிக்கிறது என்று தெரிந்தவரே கருவியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பார்.

கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, ஒரு சொட்டு நீரில் கலந்து, ஸ்லைடில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் முழுதாக இருந்தால் ஒன்றுமே தென்படாது. மேடைக்குக் கீழே உள்ள ஒளித்திறப்பைச் சுருக்கினால், மடிந்த ஓரங்களோடு தட்டையான செல்கள் மெல்ல வெளிப்படும். ஒரு துளி மெத்திலீன் நீலம் விட்டால் நடுவில் உட்கரு கருநீலமாக எழும். அதுவரை அது அங்கேதான் இருந்தது. நிறமற்றதாக, ஒளியை ஏறக்குறைய அப்படியே வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சாயம் அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் வழக்கமான சாயமேற்றும் முறைகள் பெரும்பாலும் செல்லைக் கொன்ற பிறகே நடக்கின்றன.

கொல்லாமல் பார்க்க வழி தந்தவர் டச்சு இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் செர்னிகே. செல்லின் ஊடே செல்லும் ஒளி சிறிது பின்தங்குகிறது. கண்ணுக்கு அந்தத் தாமதம் தெரியாது. அதை வெளிச்ச வேறுபாடாக மாற்றிக் காட்டுவதுதான் அவருடைய கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி. 1953-இல் இதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செல் பிளவுபடுவதைச் சாயமின்றி, உயிரோடு பார்க்க முடிந்தது இதனால்தான். இதிலும் ஒரு தொல்லை உண்டு: செல்லின் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் ஒன்று தோன்றும். அதை உண்மையான உறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

செல்லின் பகுதிகளையே ஒளிரவைத்துப் பார்க்கும் ஒளிர்வு நுண்ணோக்கியின் பாதை வேறு. ஒரு ஜெல்லிமீனிலிருந்து ஒசாமு ஷிமோமுரா 1962-இல் பிரித்தெடுத்த பச்சை ஒளிர் புரதம் பின்னாளில் உயிரியலையே புரட்டிப்போட்டது. நாம் தேடும் புரதத்தின் மரபணுவோடு இதன் மரபணுவை ஒட்டிவிட்டால், அந்தப் புரதம் போகும் இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். ஆனால் குறியிட்டது மட்டுமே தெரியும். மற்றவை இருட்டில் மறையும். கடும் ஒளியைத் தொடர்ந்து பாய்ச்சினால் ஒளிர்வும் மங்கும், செல்லும் நோகும். குவியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒளியை ஓர் ஊசித்துளை கொண்டு தடுத்துக் கூர்மையாக்குவது கன்ஃபோகல் முறை.

இனி எலக்ட்ரான் நுண்ணோக்கி. எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931-இல் பெர்லினில் இதன் முதல் வடிவத்தை இயக்கினார்கள். எலக்ட்ரானின் அலைநீளம் ஒளியினுடையதைவிட மிக மிகச் சிறியது என்பதால் ரைபோசோமும் கண்ணுக்கு வந்தது. ஆனால் எலக்ட்ரான் கற்றைக்கு வெற்றிடம் வேண்டும்; வெற்றிடத்தில் ஈரமான செல் நிற்காது. எனவே வேதிப்பொருளால் நிலைப்படுத்தி, நீரை நீக்கி, பிசினில் இறுக்கி, வைரக் கத்தியால் சீவுகிறார்கள். சீவல் நீரின் மேல் மிதக்கும்போது அதன் நிறத்தைக் கவனிப்பார்கள். வெள்ளி நிறமென்றால் போதிய அளவு மெல்லியது, தடிமன் 100 நானோமீட்டருக்கும் குறைவு. பொன்னிறம் ஏற ஏறத் தடிமன் கூடுகிறது. சீவலின் தடிமன் 70 நானோமீட்டர் என்றால், 10 மைக்ரோமீட்டர் செல் ஒன்றிலிருந்து 140-க்கு மேற்பட்ட சீவல்கள் வரும். ஒரே சீவலைப் பார்த்துவிட்டுச் செல்லையே பார்த்ததாக நினைப்பவர்கள் நிறைய. ஊதாவும் ஆரஞ்சுமாக வரும் படங்களும் பிறகு வண்ணம் பூசியவைதான். எலக்ட்ரான் படத்துக்கு நிறமே கிடையாது.

இந்தத் தயாரிப்பு எப்படி ஏமாற்றும் என்பதற்கு மீசோசோம் நல்ல சாட்சி. பாக்டீரியாவின் சவ்வு உள்நோக்கி மடிந்ததுபோல் படங்களில் தெரிந்த அதற்குப் பெயரும் வைத்து, சுவாசம், செல்பிரிவு என்று வேலைகளும் ஒப்படைத்தார்கள். பாடப்புத்தகங்களிலும் ஏறியது. வேதிமுறையை விட்டு வேகமாக உறையவைத்துப் பார்த்தபோது அது காணவில்லை. நிலைப்படுத்தும் முறையே அதை உண்டாக்கியிருந்தது.

அதனால்தான் குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பெரிதாக மதிக்கிறேன். திரவ ஈத்தேனில் மாதிரியை மூழ்கடித்தால், பனிப்படிகம் உருவாக நேரமின்றி நீர் கண்ணாடி போல உறைகிறது. வேதிப்பொருளும் சாயமும் தேவையில்லை. ஜாக் டுபோஷே, யோகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹென்டர்சன் மூவரும் 2017-இல் இதற்காக வேதியியல் நோபல் பெற்றனர். எனினும் அசைவு அங்கே இல்லை. ஒரு கணம்தான் இருக்கிறது.

ஆகவே ஆய்வாளர்கள் இப்போது கருவிகளைச் சேர்த்தே கையாள்கிறார்கள். உயிரோடு இருக்கும் செல்லில் பச்சைப் புள்ளி எங்கே ஓடுகிறது என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு அதே செல்லை நிலைப்படுத்தி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த இடத்தின் நுண்ணமைப்பைத் தேடுவார்கள். ஆயிரக்கணக்கான செல்களில் அதே செல்லை மறுபடி கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. அதற்காகவே எழுத்தும் எண்ணும் பொறித்த கட்டங்களுள்ள கண்ணாடியில் செல்களை வளர்க்கிறார்கள்.