ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு விலை

சரி, அடுத்த கேள்வி. பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் ஒரு கடையில் மிக்சி வாங்கினாராம். பெட்டியில் 399 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டுக் குறுக்கே கோடு, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 199, மேலே ‘பாதி விலை’. வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரைப் பிய்த்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: 219 வெள்ளி. “தம்பி, நான் ஏமாந்துவிட்டேனா? புகார் பண்ண முடியுமா?” என்று கேட்கிறார்.

அக்கா, அந்த மிக்சிக்கு 199 வெள்ளி தகுமா என்றால், தகலாம். நான்கு கடை ஏறி இறங்கினால் தெரிந்துவிடும். ஆனால் உங்களுக்குச் சொன்னது 200 வெள்ளி கழிவு, அதாவது தள்ளுபடி. அந்த 219தான் உண்மையான பழைய விலை என்றால், கிடைத்தது 20 வெள்ளி, நூற்றுக்கு ஒன்பதுதான். 399ஐப் பார்த்ததும் கை தானாகப் பைக்குள் போகிறது பாருங்கள், அதற்காகத்தான் அதை அங்கே எழுதுகிறார்கள்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, விலையைப் பற்றித் தவறாக எண்ண வைக்கும் அறிவிப்பைக் குற்றம் என்கிறது. நிறுவனமாக இருந்தால் 250,000 வெள்ளி வரை அபராதம். ஆனால் கடைக்காரர் சும்மா இருக்க மாட்டார். “அது போன வருஷத்து ஸ்டிக்கர்மா, நடுவில் விலை ஏறிவிட்டது” என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். அதை விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. ரசீது, இரண்டு ஸ்டிக்கரும் தெரிகிற மாதிரி ஒரு படம், விளம்பரத் தாள் இருந்தால் அது, எல்லாவற்றையும் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கு அனுப்புங்கள். ஜார்ஜ்டவுனில் நம் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் ஆலோசனை கேட்கலாம்.

பணம் திரும்ப வேண்டும் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, நம்மவர்கள் ‘திரிபுனல்’ என்பார்களே, அதுதான். கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டாம். 50,000 வெள்ளி வரை கோரலாம். மிக்சிக்குப் போய் அங்கே ஏறுவதா என்று கூச்சப்பட வேண்டாம்.

இதோடு சேர்த்து இன்னொன்று, பேரங்காடிகளில் பார்த்திருப்பீர்கள்: ‘70%’ என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும், முன்னால் ‘செஹிங்கா’ என்ற மலாய்ச் சொல் எறும்பு அளவில். 70 வரை என்று அர்த்தம். உள்ளே போனால் 70 கழிவு இரண்டு பழைய சட்டைக்கு, மற்றதெல்லாம் 10, 15. ‘50% + 20%’ என்பதும் அப்படித்தான். எங்கள் வீட்டில்கூட அதை 70 என்றே கணக்குப் போட்டார்கள். 200 வெள்ளிப் புடவையில் முதலில் பாதி போனால் 100. அந்த 100இல்தான் 20 குறையும். கொடுக்க வேண்டியது 80, அதாவது 60 விழுக்காடு கழிவு. இதில் பொய் இல்லை, நம் அவசரத்தை நம்பி எழுதியது.

விளம்பரத்தில் ஒரு விலை போட்டுவிட்டு, கடை திறந்த அரை மணி நேரத்தில் “அது முடிந்துவிட்டது, இதைப் பாருங்கள்” என்று விலை கூடிய பொருளைக் காட்டுகிறார்களா? நியாயமான அளவுக்குச் சரக்கு வைக்காமல் அப்படி விளம்பரம் செய்வதை அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு தடுக்கிறது. “அதே விலைக்கு எப்போது வரவழைத்துத் தருவீர்கள்?” என்று கவுண்டரிலேயே கேளுங்கள். பதில் சொல்கிறவரின் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

அக்கா, அந்த மிக்சிப் பெட்டியை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கர் அதில்தானே இருக்கிறது.